அம்புகளை வரைவதும் எண்களைக் கூட்டுவதும்

இயற்பியல் கற்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், அளவும் திசையும் கொண்ட திசையன்களைக் கூட்டும் வரைபட முறைக்கு நான் ஒதுக்கிய நேரம் ஒரே ஒரு வகுப்புதான். முதல் அம்பின் தலையில் இரண்டாம் அம்பின் வாலை வைத்து வரைந்து காட்டுவேன்; இந்த முக்கோண விதியையும், இரு அம்புகளையும் ஒரே புள்ளியிலிருந்து வரைந்து மூலைவிட்டம் எடுக்கும் இணைகர விதியையும் சொல்வேன்; "இனி இதைக் கணக்காகவே செய்துவிடலாம்" என்று கூறி, திசையன்களைக் கிடை, செங்குத்துக் கூறுகளாகப் பிரித்துக் கூட்டும் பகுப்பு முறைக்குப் போய்விடுவேன். அளவுகோலும் பாகைமானியும் தொடக்கநிலைக் கருவிகள், சைனும் கொசைனும் கைக்கு வந்த பிறகு அவற்றுக்கு வேலையில்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு விடைத்தாள்.

மூன்று விசைகளின் தொகுபயனை, அதாவது அவை சேர்ந்து தரும் ஒரே விசையைக் கேட்டிருந்த கணக்கு அது. மாணவி ஒவ்வொரு விசையையும் பிழையின்றிக் கூறுகளாகப் பிரித்திருந்தார்; கிடைக்கூறுகளின் கூடுதல் −12 நியூட்டன் என்றும், செங்குத்துக் கூறுகளின் கூடுதல் −9 நியூட்டன் என்றும் சரியாகவே கண்டிருந்தார்; இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, எண்மதிப்பு 15 நியூட்டன் என்றும் எழுதியிருந்தார். அடுத்து, −9-ஐ −12-ஆல் வகுத்தால் 0.75, அதன் நேர்மாறு டேன்ஜென்ட் 36.87 பாகை. திசை 36.87 பாகை என்று அடிக்கோடிட்டு முடித்திருந்தார். இரண்டு கூறுகளும் எதிர்க்குறியில் இருப்பதால், உண்மையான திசை 216.87 பாகை. இரண்டு தசம இடத் துல்லியத்தோடு எழுதப்பட்ட அந்த விடை, சரியாக 180 பாகை தவறியிருந்தது. தொகுபயன் இழுக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தை அது காட்டியது.

அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு சிறு அம்பு, அளவுகோல்கூட இல்லாமல் கையால் வரைந்த ஓர் அம்பு இருந்திருந்தால், அந்தப் பிழை தங்கியிருக்காது. இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நீளும் அம்பைக் கண்ணால் பார்த்த ஒருவர், வலப்பக்கம் மேலே போகும் கோணத்தை விடையாக எழுதமாட்டார். அம்பு வரையும் பழக்கத்தை ஒரே வகுப்பில் முடித்து, அது தேவையற்றது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். பிழை என் பாடத்திட்டத்தில் இருந்தது. அன்று முதல் இரண்டு முறைகளையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. அவை எந்த இடத்தில் ஒன்றாகின்றன, எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றுகிறது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் நடக்கும் ஒருவர் முதலில் 40 மீட்டர், பிறகு 30 மீட்டர், கடைசியாக 25 மீட்டர் நேர்கோடுகளில் நடக்கிறார். கிழக்குத் திசையிலிருந்து இடஞ்சுழியாக அளந்தால் அவர் நடந்த திசைகள் முறையே 25 பாகை, 110 பாகை, 200 பாகை. புறப்பட்ட இடத்திலிருந்து அவர் இப்போது எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில் இருக்கிறார்?

வரைபட முறையில் முதல் முடிவு அளவுத்திட்டம். 1 சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்தால் அம்புகளின் நீளங்கள் 8, 6, 5 சென்டிமீட்டர் ஆகின்றன; ஒரு நோட்டுப் பக்கத்தில் தாராளமாக அடங்கும். 1 சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று வைத்திருந்தால் 2, 1.5, 1.25 சென்டிமீட்டர் என்று சுருங்கி, பென்சில் முனையின் தடிமனே விடையைக் கெடுக்கத் தொடங்கிவிடும். தாளில் இடமிருக்கும் வரை படத்தைப் பெரிதாக வரைய வேண்டும் என்பதை மாணவர்கள் அழகுக்கான அறிவுரையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது துல்லியத்தைப் பற்றியது. முதல் அம்பை வரைந்து, அதன் தலையில் கிழக்குக்கு இணையான மெல்லிய கோடு ஒன்றை இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து 110 பாகையை அளந்து இரண்டாம் அம்பையும், அவ்வாறே மூன்றாம் அம்பையும் வரைந்த பிறகு, முதல் வாலிலிருந்து கடைசித் தலைக்கு இழுக்கும் கோடுதான் தொகுபயன். நான் வரைந்தபோது அது 7.3 சென்டிமீட்டர் வந்தது, அதாவது 36.5 மீட்டர். திசை 86 பாகை, ஏறத்தாழ நேர் வடக்கு.

இந்த வரைதலில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை நின்று கவனிப்பது பயனுள்ளது. மில்லிமீட்டர் கோடுகள் உள்ள சாதாரண அளவுகோலில் அரை மில்லிமீட்டர் வரை கவனமாகப் படித்துவிடலாம். பாகைமானியிலோ 1 பாகை தவறுவது மிக எளிது. 8 சென்டிமீட்டர் நீளமுள்ள அம்பில் 1 பாகை பிசகினால் அதன் தலை ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், அதாவது நம் அளவுத்திட்டத்தில் 0.7 மீட்டர். ஆகவே வரைபட முறையில் நம்மைப் பெரும்பாலும் ஏமாற்றுவது கோணம். நீளத்தின் பங்கு சிறியது. அம்பு நீளும்போது கோணப் பிழையும் அதே விகிதத்தில் நீளும் என்பதால், படத்தைப் பெரிதாக்கினால் மட்டும் இந்தப் பிழை குறைந்துவிடாது. அளவுகோல் பிழை குறையும். பாகைமானிப் பிழை அப்படியே இருக்கும். பல ஆண்டுகள் கற்பித்த பிறகே இந்த வேறுபாடு என் மனத்தில் தெளிவாக உறைத்தது.

வரைதலைச் சோதிப்பதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. திசையன் கூட்டலில் வரிசை முக்கியமில்லை. 40, 30, 25 என்று வரைந்தாலும், 25, 40, 30 என்று வரைந்தாலும் கடைசிப் புள்ளி ஒன்றாகவே இருக்க வேண்டும். மூன்று அம்புகளை 6 வரிசைகளில் அடுக்கலாம். ஒரே தாளில், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இரண்டு அல்லது மூன்று வரிசைகளில் வரைந்து பார்த்தால், பாதைகள் வெவ்வேறாகப் போய், முடிவுகள் ஒரு சிறு கூட்டமாக நெருங்கி நிற்கும். அந்தக் கூட்டத்தின் அகலத்தைப் பார்த்து, நம் வரைதலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஓரளவு மதிப்பிடலாம். கணிப்பானில் அதே கூட்டலை வேறு வரிசையில் செய்தால் அதே இலக்கங்கள்தாம் திரும்ப வரும். நம் நிச்சயமின்மையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இப்போது பகுப்பு முறைக்கு வருவோம். முதல் நடையின் கிழக்குக் கூறு 40-ஐ 25 பாகையின் கொசைனால் பெருக்கக் கிடைக்கும் 36.25 மீட்டர், வடக்குக் கூறு சைனால் பெருக்கக் கிடைக்கும் 16.90 மீட்டர். இரண்டாம் நடைக்கு அவை −10.26, 28.19. மூன்றாம் நடைக்கு −23.49, −8.55. கிழக்குக் கூறுகளைக் கூட்டினால் 2.50 மீட்டர், வடக்குக் கூறுகளைக் கூட்டினால் 36.54 மீட்டர். தொகுபயனின் எண்மதிப்பு 36.63 மீட்டர், திசை 86.1 பாகை. வரைந்து கண்ட 36.5 மீட்டருக்கும் இதற்கும் உள்ள இடைவெளி அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, "ஒன்று தோராயம், மற்றொன்று துல்லியம்" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவதுதான் வழக்கம். அப்படி முடிக்கும்போது பகுப்பு முறை எங்கிருந்து வந்தது என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. நாம் வரைந்த மூன்று அம்புகளையும் திரும்பப் பாருங்கள். ஒவ்வோர் அம்புக்கும் பதிலாக, ஒரு கிடை அம்பும் ஒரு செங்குத்து அம்பும் சேர்ந்த ஒரு படியை வரையலாம். அப்போது நம் பாதை மூன்று படிகள் கொண்ட ஒரு படிக்கட்டாக மாறும், சில படிகள் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் போகும். மொத்தம் 6 அம்புகள். வரிசை முக்கியமில்லை என்பதால், கிடை அம்புகள் மூன்றையும் முதலில் அடுக்குவோம். அவை ஒரே கோட்டில் கிடப்பதால் சாதாரண எண்களைப் போலக் கூடிக் கழிந்து ஒரே கிடை அம்பாகிவிடும். பிறகு செங்குத்து அம்புகளையும் அவ்வாறே அடுக்கினால் ஒரே செங்குத்து அம்பு. எஞ்சுவது ஒரு செங்கோண முக்கோணம். அதன் கர்ணம் பித்தகோரசு தேற்றத்தால் கிடைக்கிறது. பகுப்பு முறை இவ்வளவுதான். தலைக்கு வால் வைத்து அம்புகளை அடுக்கும் அதே செயலை, கோணங்கள் எல்லாம் 90 பாகையாகும்படி மாற்றி அமைத்து, பாகைமானிக்குப் பதிலாக சைன், கொசைன் மதிப்புகளைப் பயன்படுத்துகிறோம். வரைபட முறையைப் புரிந்துகொள்ளாமல் பகுப்பு முறையைக் கற்றவர், ஏன் கிடைக்கூறுகளைத் தனியாகவும் செங்குத்துக் கூறுகளைத் தனியாகவும் கூட்டுகிறோம் என்ற கேள்விக்கு, "சூத்திரம் அப்படி" என்றுதான் பதில் சொல்வார்.

பகுப்பு முறையின் பிழைகள் வேறு இயல்பு கொண்டவை. பென்சில் பிழை சிறியதாக, எல்லாப் பக்கமும் பரவியதாக இருக்கும். கணக்கின் பிழை பெரியதாக, ஒரே இடத்தில் மறைந்திருப்பதாக இருக்கும். கோணம் செங்குத்து அச்சிலிருந்து தரப்பட்டிருக்க, கிடை அச்சிலிருந்து தரப்பட்டதாக நினைத்துச் சைனையும் கொசைனையும் மாற்றிப் போடுவது ஒரு வகை. கணிப்பான், பாகைக்குப் பதிலாகக் கோணத்துக்கான வேறோர் அலகான ரேடியனில் இருப்பதைக் கவனிக்காதது இன்னொரு வகை: 25 ரேடியனின் சைன் ஏறத்தாழ −0.132 என்பதால், நம் முதல் நடையின் வடக்குக் கூறு 16.90-க்குப் பதில் −5.29 ஆகிவிடும், வடகிழக்காக நடந்தவர் தென்கிழக்காக நடந்ததாகக் கணக்குச் சொல்லும், ஆனால் எண்களின் தோற்றத்தில் எந்த அவலட்சணமும் இருக்காது. அந்த மாணவியின் விடைத்தாளில் இருந்த 180 பாகைப் பிழையும் இந்த வகைதான். கிடைக்கூறு, செங்குத்துக் கூறு இரண்டையும் வகுத்த கணத்திலேயே அவற்றின் குறிகள் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. −9 வகுத்தல் −12 என்பதும், 9 வகுத்தல் 12 என்பதும் நேர்மாறு டேன்ஜென்ட்டுக்கு ஒன்றே. இந்தக் காரணத்தால்தான் நிரல்மொழிகளில் இரண்டு கூறுகளையும் குறியோடு தனித்தனியாகப் பெற்றுக்கொள்ளும் வேறொரு நேர்மாறு டேன்ஜென்ட் சார்பும் வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு திசையன்கள் மட்டும் இருக்கும்போது பயன்படுத்தும் கொசைன் விதியில் இன்னொரு குழப்பம் உண்டு. இணைகர விதியின் சூத்திரத்தில் இரு அளவுகளின் பெருக்கற்பலனின் இருமடங்கோடு கொசைன் கூட்டற்குறியோடு வரும். முக்கோணத்துக்கான கொசைன் விதியில் அதே உறுப்பு கழித்தற்குறியோடு வரும். முன்னதில் கோணம் இரண்டு வால்களுக்கு இடைப்பட்டது. பின்னதில் முக்கோணத்தின் உட்கோணம், அதாவது 180 பாகையிலிருந்து முன்னதைக் கழித்தது. 5 நியூட்டனும் 7 நியூட்டனும் 60 பாகை இடைவெளியில் இழுத்தால் தொகுபயன் 10.44 நியூட்டன். குறியை மாற்றிப் போட்டால் 6.24 நியூட்டன் வரும். இரண்டு விசைகளும் ஓரளவு ஒரே பக்கமாக இழுக்கும்போது, தொகுபயன் அவற்றில் பெரியதைவிடவும் சிறியதாக இருக்க முடியாது என்பதை ஓர் அரைகுறைப் படம்கூட உடனே காட்டிவிடும். செங்குத்தாக இழுத்தாலே 8.60 நியூட்டன் வர வேண்டும். 60 பாகையில் அதைவிட அதிகம்தான் வர முடியும்.

அச்சுகளைத் தேர்ந்தெடுப்பதற்கும் படம்தான் வழிகாட்டி. 30 பாகைச் சாய்தளத்தில் 50 நியூட்டன் எடையுள்ள பொருள் இருக்கிறது என்றால், அச்சுகளைத் தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் வைத்தால் எடை மட்டும் இரண்டாகப் பிரிந்து, 25 நியூட்டனாகவும் 43.3 நியூட்டனாகவும் நிற்கும்; தளம் தரும் எதிர்விசையும் உராய்வும் பிரிக்கப்பட வேண்டியதில்லை. இந்தத் தேர்வை எந்தச் சூத்திரமும் சொல்லித் தராது.

வரைபட முறை பள்ளிப் பாடத்துக்காக உருவான எளிமைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு அதன் வரலாறு வியப்பளிக்கும். கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-இல் சாய்தளத்தில் சமநிலையைப் பற்றி எழுதியபோதே விசைகளின் முக்கோணம் அவர் சிந்தனையில் இருந்தது. 1687-இல் நியூட்டன் தம் இயக்க விதிகளை வகுத்தவுடன், அவற்றிலிருந்து பெற்ற முதல் கிளைத்தேற்றமே இணைகர விதிதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூரிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கார்ல் குல்மன், விசைகளை வரைந்தே பாலங்களையும் சட்டகங்களையும் வடிவமைக்கும் வரைபட நிலையியலை ஒரு முழுத் துறையாக வளர்த்தார்; அவருடைய நூல் 1866-இல் வெளிவந்தது. அவரிடம் பயின்ற மோரிஸ் கெக்லன்தான் ஈபெல் கோபுரத்தின் முதல் வரைவை 1884-இல் உருவாக்கியவர். 1889-இல் திறக்கப்பட்ட அந்தக் கோபுரத்தின் கணக்குகளில் வரைபட நிலையியலுக்குப் பெரும்பங்கு உண்டு. சட்டகத்தின் ஒவ்வொரு மூட்டிலும் விசைகளின் பலகோணம் மூடிக்கொள்ள வேண்டும்; மூடவில்லை என்றால் சமநிலை இல்லை, அல்லது எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான எண்களை ஒரு பொறியாளர் சரிபார்ப்பதைவிட, ஒரு பலகோணம் மூடுகிறதா என்று பார்ப்பது விரைவானதாக இருந்தது. நாம் இன்று பயன்படுத்தும் கூறுகளும் குறியீடுகளும் கொண்ட திசையன் இயற்கணிதம் அதற்குப் பிறகு, 1880-களில் இயற்பியலாளர்கள் கிப்சும் ஹெவிசைடும் வடிவம் கொடுத்த பின்புதான் பரவியது. காலவரிசையில் அம்புகள் மூத்தவை.

வரைபட முறை வெறும் சரிபார்ப்புக் கருவியாக இல்லாமல், தானே எளிய வழியாக இருக்கும் கணக்குகளும் உண்டு. ஒரு விமானம் காற்றைச் சார்ந்து மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. நிலத்தைச் சார்ந்து நேர் வடக்கே போக வேண்டும். காற்று தென்கிழக்கு நோக்கி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. விமானத்தின் முகத்தை எந்தத் திசையில் வைக்க வேண்டும்? இந்தக் கணக்கின் நுட்பம், மூன்று திசையன்களில் எதைப் பற்றி என்ன தெரியும் என்பதில் இருக்கிறது. காற்றின் அளவும் திசையும் தெரியும். விமானத்தின் வேகத்துக்கு அளவு மட்டும் தெரியும். தரை வேகத்துக்குத் திசை மட்டும் தெரியும்.

தாளில் இதைத் தீர்ப்பது மிக இயல்பானது. ஒரு புள்ளியிலிருந்து காற்றின் அம்பை வரைக. அதே புள்ளியிலிருந்து வடக்கு நோக்கி நீண்ட கோடு ஒன்றை இழுக்க. காற்றம்பின் தலையில் கவராய முனையை ஊன்றி, 200-க்குரிய ஆரத்தில் ஒரு வில் வெட்டுக. அந்த வில் வடக்குக் கோட்டைத் தொடும் இடத்தில் முக்கோணம் முழுமையடைகிறது. விமானம் வடக்கிலிருந்து மேற்கே 8.1 பாகை திரும்பியிருக்க வேண்டும் என்றும், தரை வேகம் மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் என்றும் படத்திலேயே அளந்துவிடலாம். பகுப்பு முறையில், காற்றின் கிழக்குக் கூறான 28.28-ஐ விமானத்தின் மேற்குக் கூறு ஈடுகட்ட வேண்டும் என்று சமன்பாடு எழுதி, 0.1414-இன் நேர்மாறு சைனைக் கண்டு, 197.99-இலிருந்து 28.28-ஐக் கழித்து 169.7 என்று பெற வேண்டும். கடினமில்லை, ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுதுவதற்கு முன் முக்கோணத்தை மனத்திலாவது வரைந்திருக்க வேண்டும். கவராயத்தின் வில் இன்னொன்றையும் காட்டும்: குறுக்குக் காற்றின் கூறு விமானத்தின் வேகத்தைவிட அதிகமானால் வில் வடக்குக் கோட்டை எட்டாது, எந்தத் திசையில் முகத்தை வைத்தாலும் அந்தப் பாதையில் போக முடியாது. இயற்கணிதத்தில் இதே செய்தி, நேர்மாறு சைனுக்குள் 1-ஐவிடப் பெரிய எண் வந்து நிற்பதாகத் தோன்றும். கணிப்பான் பிழை என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. விமானிகளுக்கு இந்தக் காற்று முக்கோணம் பயிற்சியின் ஒரு பகுதி. 1930-களில் பிலிப் டால்டன் வடிவமைத்த, சுழலும் ஒளிபுகு தட்டில் பென்சிலால் குறித்து இந்த முக்கோணத்தைத் தீர்க்கும் கைக்கருவியின் வழித்தோன்றல்கள் இன்றும் பயிற்சி விமானிகளின் கைகளில் இருக்கின்றன.

முப்பரிமாணத்தில் நிலைமை தலைகீழ். தாள் இருபரிமாணமுடையது, வெளியில் எல்லாப் பக்கமும் நீளும் அம்புகளை அதில் அளவோடு வரைய, மேற்பார்வை, பக்கப்பார்வை என்று பல படங்கள் வேண்டும். பகுப்பு முறைக்கோ மூன்றாவது கூறு ஒன்றைச் சேர்த்தால் போதும். கூட்டும் முறை மாறுவதே இல்லை. நூறு விசைகள் இருந்தாலும் கணினி அதே வேலையைத்தான் நூறு முறை செய்யும். இங்கே வரைபட முறைக்காக வாதிட எனக்கு எதுவும் இல்லை.

இறுதியாக, இரண்டு முறைகளும் சேர்ந்தே தடுமாறும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். எனக்கு இதுவே மிகப் பிடித்தமானது. கிழக்கே 100 நியூட்டன் விசையொன்று. 178 பாகைத் திசையில், அதாவது ஏறத்தாழ நேர் மேற்கே, 98 நியூட்டன் விசையொன்று. 1 சென்டிமீட்டருக்கு 10 நியூட்டன் என்று வரைந்தால், 10 சென்டிமீட்டர் போய், 9.8 சென்டிமீட்டர் திரும்பி வந்து, எஞ்சுவது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு துண்டு. அந்தத் துண்டின் மேல் பாகைமானியை வைக்கவே இடமில்லை. வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்: இங்கே வரைபட முறை தோற்றுவிட்டது, கணக்கைப் போடுவோம் என்று. கணக்குச் சொல்கிறது: கிழக்குக் கூறு 2.06, வடக்குக் கூறு 3.42, தொகுபயன் 3.99 நியூட்டன், திசை 58.9 பாகை. மூன்று முக்கிய எண்ணுருக்கள், ஐயமற்ற விடை.

அப்போது நான் கேட்பேன்: அந்த 178 பாகையை யார் அளந்தது, எதனால் அளந்தார்? ஆய்வகத்தில் நூலின் திசையைப் பாகைமானியால் அளந்திருந்தால், அது 177-ஆகவும் இருக்கலாம், 179-ஆகவும் இருக்கலாம். 179 என்று எடுத்தால் தொகுபயன் 2.64 நியூட்டன், திசை 40.3 பாகை. 177 என்று எடுத்தால் 5.56 நியூட்டன், திசை 67.4 பாகை. ஒரே ஒரு பாகை ஐயம், விடையை இருமடங்குக்கும் மேல் விரித்துவிடுகிறது. கணிப்பான் தந்த 3.99-இல் உள்ள இரண்டு 9-களுக்கும் எந்தப் பொருளும் இல்லை. படம் தோற்றதாக நாம் நினைத்தது, தரவிலேயே இருந்த பலவீனத்தை அது நேர்மையாகக் காட்டியதைத்தான். கணக்கு அதே பலவீனத்தைத் தசம இடங்களுக்குப் பின்னால் மறைத்துவைத்தது. கிட்டத்தட்ட ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் பெரிய அளவுகளின் வேறுபாட்டை எந்த முறையால் கண்டாலும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அது பென்சிலின் குறையும் அன்று, சூத்திரத்தின் குறையும் அன்று.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கை இரண்டு வகுப்புகளில் செய்கிறோம். முதல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக வரைந்து, தம் கடைசிப் புள்ளியின் இடத்தைத் தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்து, கரும்பலகையில் பெரிதாக்கி வரைந்திருக்கும் ஒரே கட்டத்தாளில் குறிக்கிறார்கள். அடுத்த வகுப்பில் 177, 178, 179 பாகைகளுக்கான கணக்குகளைப் போட்டு, அந்த மூன்று புள்ளிகளையும் வேறு நிறத்தில் அதே கட்டத்தில் வைக்கிறோம். மாணவர்களின் புள்ளிகள் வட்டமாகச் சிதறுவதில்லை. கிட்டத்தட்டச் செங்குத்தான மெல்லிய கீற்றாக நிற்கின்றன, கணக்கிட்ட மூன்று புள்ளிகளும் அந்தக் கீற்றுக்குள்ளேயே விழுகின்றன. கோணப் பிழை அம்பின் தலையை அம்புக்குக் குறுக்கே மட்டுமே நகர்த்தும், இங்கே இரண்டாம் அம்பு ஏறத்தாழக் கிடையாக இருக்கிறது, ஆகவே தலை மேலும் கீழும் மட்டுமே அலைகிறது. கிழக்குக் கூறு 2 நியூட்டன் என்பது ஓரளவு உறுதி. வடக்குக் கூறு 1.7-இலிருந்து 5.1 வரை எங்கும் இருக்கலாம். அந்தக் கீற்றைப் பார்த்த ஒரு மாணவர் சென்ற ஆண்டு, எண்மதிப்பும் திசையும் எழுதுவதற்குப் பதிலாக இந்த இரண்டு கூறுகளையும் அவற்றின் எல்லைகளோடு விடையாக எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன், அன்று மற்றவர்களும் தம் விடைகளை அழித்து அப்படியே எழுதினார்கள்.